காவல் மாற்றம்

நான்கு மணிக்கு வரவேண்டிய ஆள் மூன்றே முக்காலுக்கே வந்து நின்றதுதான் முதல் கோளாறு.

வரவேண்டியவர் சீஃப் ஆபீசர். கப்பலில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். கப்பல் மூழ்கினால்கூடச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டு, தலையை வாரி, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் குதிப்பார். அதற்குள் கடலே காத்துக் காத்து அலுத்துத் திரும்பிப் போயிருக்கும்.

நள்ளிரவிலிருந்து, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் காவல் நின்ற செகண்ட் ஆபீசருக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. துறைமுகத்தில் இரண்டு நாள் தூங்காமல் சரக்கு ஏற்றியதில் அவருடைய கண்ணிமை ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமெண்ட் கனத்தது. கூடக் காவல் நிற்கும் மாலுமி ‘ஆந்தை’, வழக்கப்படி அடுத்த ஆளை எழுப்பக் கீழே போய்ப் பத்து நிமிடமாகியிருந்தது. எழுப்பிவிட்டான், வந்துவிட்டார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

வெளியே கடல் தெரியவேண்டும் என்பதால் பிரிட்ஜில் இரவில் விளக்கே கிடையாது. ரேடாரின் மங்கிய சிவப்பு ஒன்றுதான். மற்றபடி இஞ்சினின் நடுக்கம் பாதத்தில் ஏறிப் பல்லில் வந்து நிற்க, எங்கோ ஒரு திருகாணி தனக்குத்தானே முணுமுணுக்க, வெளிச்சம் உள்ளே வராமல் வாசலில் தொங்கும் கறுப்புத் திரை அசைந்த பிறகு அறை முழுவதும் ஒரு வாடை மெல்லப் பரவியது. கடலடியிலிருந்து தூக்கிய நங்கூரச் சங்கிலியின் சேற்று வாடை.

“என்ன சார், இவ்வளவு சீக்கிரம்? வானம் பொத்துக்கிட்டுக் கொட்டப்போகுது!”

“ம்.” பின்னாலிருந்து வந்த குரல் கரகரத்தது. “கண்ணு பழகட்டும்.”

அதுவும் முறைதான். கீழே வெளிச்சத்திலிருந்து வருபவர் இருட்டு பழகும்வரை காவலை ஏற்கக்கூடாது. நல்ல பிள்ளையாகச் செகண்ட் ஆபீசர் காத்திருந்தார். எங்கோ நீர் சொட்டியது. ஏ.சி.யாக இருக்கும்.

பிறகு பாடத்தை ஒப்பித்தார். “பக்கத்துல கப்பல் எதுவும் இல்ல சார். நாலு அஞ்சுக்கு இடது பக்கம் திருப்பியே ஆகணும். விட்டோம்னா, வலது பக்கம் இருக்கிற பாறைத் திட்டு மடியிலதான் போய் உக்காருவோம்.”

“திட்டு எனக்குத் தெரியும்.”

செகண்ட் ஆபீசர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பின்னாலிருந்து மறுபடி அந்தக் குரல்.

“எத்தனை பேரு?”

“என்ன சார், தூக்கக் கலக்கமா? நம்மளையும் சேத்து இருபத்திரண்டு.”

“நான் ஏத்துக்கிட்டேன்.”

அந்த ஒரு சொல்லோடு பொறுப்பு கை மாறிவிடும். அதன்பிறகு கப்பல் அவருடையது. தோளிலிருந்து ஒரு மலை இறங்கியது செகண்ட் ஆபீசருக்கு. இறங்கிய வேகத்தில் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பிடியைத் தடவிப் படியிறங்கினார். கைப்பிடி ஈரமாக இருந்தது.

கீழே நடைபாதையில் ஆந்தை ஒரு கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

“பத்து நிமிஷமாத் தட்டுறேன் சார்! கும்பகர்ணன் இவர்கிட்ட டியூஷனுக்கு வரணும்.”

“யார் கதவுடா அது?”

கதவு திறந்தது. ஒரு காலில் சாக்ஸ், மறு சாக்ஸ் கையில். வாய் கிழியக் கொட்டாவி. நிதானம்.

“வரேன் வரேன், உசுரை வாங்காதே...” கொட்டாவி பாதியில் நின்றது. “தம்பி, நீ இங்க நிக்கிறே. மேல யாரு?”

செகண்ட் ஆபீசர் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கப்பல் சாய்ந்தது. மெதுவாக. நிதானத்தின் செருப்பு தானாக நகர்ந்து சுவரில் முட்டியது. திரும்புகிறது. வலப்பக்கம்.

“ஆந்தை! கேப்டனை எழுப்பு! ஓடு!”

படிகள். இரண்டிரண்டாக. நிதானம் ஓடியதை அந்தக் கப்பல் அன்றுதான் பார்த்தது.

பிரிட்ஜ் கதவு. உள்தாழ்ப்பாள். இருவரும் தோளால் மோதினார்கள். அசையவில்லை. கீழ் இடுக்கில் நீர் கசிந்தது. சில்லென்று. அதே சேறு.

கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. செகண்ட் ஆபீசர் முகத்தை அதில் அழுத்தினார்.

சுக்கானில் ஒருவர். முன் ஜன்னல்கள் நெடுகிலும் ஆட்கள். தோளோடு தோள். நனைந்து ஊறிய சீருடைகள். கண் சிமிட்டாமல், அசையாமல், முன்னால் பார்த்து, அப்பழுக்கில்லாமல் காவல் நின்றார்கள். அவர்களுக்கு அப்பால், இருட்டின் அடியில், வெள்ளையாக ஒரு கோடு. நுரை. அகலமாகிக்கொண்டே.

வரிசையின் கடைசி ஆள் சற்றே நகர்ந்தார். பக்கத்தவர் நகர்ந்தார். அவருக்கும் பக்கத்தவர்.

ஜன்னலோரம் இடம் விட்டார்கள். இருபத்திரண்டு பேர் நிற்கிற அளவுக்கு.