பெஞ்சு மேல் ஏறினால் தெரியும் மரம்

அந்த வீட்டில் ஜன்னல் திறந்து பல நாளாகிவிட்டது. மின்விசிறியும் சுற்றுவதில்லை. காரணம், சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

அட்டையில் செய்த பள்ளிக்கூடம். அக்கா செய்துகொண்டிருந்தாள். அக்கா கட்டடக்கலை படிக்கிறாள். அதாவது, மற்றவர்கள் சுகமாக இருக்க வீடு கட்டுவது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக, தன் வீட்டில் ஒருவரையும் சுகமாக இருக்க விடாமல் செய்கிறாள். இது அப்பா கொடுத்த விளக்கம்.

ஜன்னலைத் திறந்தால் வெள்ளை அட்டையில் தூசி படியும். விசிறியைப் போட்டால் காகிதச் செடிகள் பறந்துபோய் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனவே இரண்டுமே கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

அந்த அட்டைப் பள்ளிக்கு 'இயற்கையோடு மூச்சு விடும் பள்ளி' என்று பெயர் வைத்திருந்தாள். அதைச் செய்யும் வீட்டில்தான் யாராலும் மூச்சு விட முடியவில்லை.

அப்பா மின்விசிறி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் ஊரார் விசிறிகளைச் சுற்ற வைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சுற்றாத விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஓர் அட்டைத் துண்டால் விசிறிக்கொள்வார். "அது மேற்குப் பக்கச் சுவருப்பா, வளைச்சிடாதீங்க" என்று அக்கா அதையும் பிடுங்கிக்கொள்வாள்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வருபவள், உட்கார நாற்காலி தேடினால் நாற்காலியில் பசை டப்பா இருக்கும். பேசாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கிக் குளிர்ந்த சுவரில் சாய்த்துக்கொள்வாள்.

அந்த வீட்டின் கடைசி ஆள் சுண்டு. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. வாயைப் பார்த்து வைத்திருந்தால் வேறு பெயர்தான் வைத்திருக்க வேண்டும்.

யாருக்கும் அக்கா மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அதோடு, அக்காவின் பாடு எல்லோருக்கும் தெரியும். இதே பள்ளிக்கூடத்தைக் கல்லூரியில் ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கடைசித் தடவை. அன்றும் திருப்பி அனுப்பினால், அக்கா இதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

திருப்பி அனுப்பியவர் பெரிய சார். அவர் கழுத்தில் எல்லாப் பருவத்திலும் ஒரு சால்வை இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கேள்வி கேட்பாராம். "இந்தச் சுவர் இயற்கையோடு என்ன பேசுது?"

இரண்டு தடவையும் அக்காவின் சுவர் ஒன்றும் பேசவில்லை.

"பேசலைன்னா நல்ல சுவருதானே" என்றார் அப்பா. "இங்க மனுஷங்க பேசறதையே தாங்க முடியல."

இதைச் சொல்லும்போது அவர் சுண்டுவைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன; விரல்களில் பசை காய்ந்து, தோல் உரிந்தது போல் இருந்தது. வேலை அநேகமாக முடிந்துவிட்டது. நடுவில் இருக்கும் மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே வகுப்பறைகள். மண் சுவர். புல் முளைத்த கூரை. மழைத் தண்ணீர் சேர ஒரு தொட்டி. மரத்தைப் பார்த்தபடி பெரிய பெரிய ஜன்னல்கள், அவற்றின் மேல் வெயில் படாமல் இருக்கத் தாழ்வாரம். கூரையை டப்பா மூடி மாதிரி எடுத்து உள்ளே பார்க்கலாம்.

ஆட்களை மட்டும்தான் நிறுத்த வேண்டியிருந்தது. சுண்டுவிடம் ஒரு தாளைக் கொடுத்து, அதில் இருந்த உருவங்களை அட்டையில் வெட்டித் தரச் சொன்னாள் அக்கா. கைப்பையோடு ஓர் ஆள். குடை பிடித்த ஒரு பெண். நாயைக் கூட்டிப் போகும் ஒருவர். எல்லோருமே தீக்குச்சியை விடக் கொஞ்சம் குட்டை.

"பள்ளிக்கூடத்துக்கு எதுக்குக்கா நாய்?"

"எல்லாரும் இதைத்தான் வெப்பாங்க. ஆள் இருந்தாத்தான் கட்டடம் எவ்வளவு பெருசுன்னு தெரியும். இல்லேன்னா இது பள்ளிக்கூடமா, செருப்பு டப்பாவான்னு யாருக்குத் தெரியும்?"

"நான் இதுல எவ்வளவு உயரம் இருப்பேன்?"

அக்கா தீக்குச்சி ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி அளவு காட்டினாள். காட்டிய கை அப்படியே தரையில் இறங்கியது. "கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்புடி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பாயில் தூங்கிப்போனாள். கையில் ஸ்கேல் அப்படியே இருந்தது.

சுண்டு கைப்பை ஆளை வெட்டினாள். குடைக்காரியை வெட்டினாள். நாயை வெட்டும்போது வாலும் போய்விட்டது. அவர்களை எல்லாம் பள்ளிக்குள் நிறுத்திப் பார்த்தாள். ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. வாலில்லாத நாய்தான் இருந்தது.

பாவம் அக்கா, தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பாள் என்று சுண்டு நினைத்தாள். எழுந்ததும் பார்த்துச் சந்தோஷப்படட்டும். நகக்கீறல் அளவை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வெட்டினாள். பின்னல் போட்ட ஒருத்தி, காது பெரிய ஒருவன், கொட்டாவி விடும் ஒருவன். முட்டியில் மடக்கி எல்லோரையும் அட்டைப் பெஞ்சுகளில் உட்கார வைத்தாள். குடைக்காரி குடையோடு டீச்சர் ஆகிவிட்டாள்.

பிறகு கூரையை மூடி, மேஜை மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே பார்த்தாள். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் இப்போது அவள் கண்.

சுவர் தெரிந்தது. அதற்கு மேல் ஜன்னல், ஜன்னல் முழுக்கத் தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மரத்தைக் காணவில்லை.

தலையைக் கொஞ்சம் தூக்கி, நிற்கும் டீச்சரின் கண் மட்டத்துக்குப் போனாள். மரம் அழகாகத் தெரிந்தது. கிளை, இலை, அடியில் பாசி, எல்லாமே.

மறுபடி தலையைத் தாழ்த்தினாள். சுவர்.

மரம் டீச்சருக்கு மட்டும்தான். பிள்ளைகளுக்கு மேற்படி சுவர்.

சுண்டுவுக்குத் தன் வகுப்பு நினைவு வந்தது. அங்கேயும் ஜன்னல் அந்த உயரம்தான். காக்கை கத்துவது கேட்கும், காக்கை தெரியாது. அவள் வெளியே பார்த்ததெல்லாம், பேசினதற்காகப் பெஞ்சு மேல் நிற்க வைத்த நாட்களில்தான். நிறையவே பார்த்திருக்கிறாள்.

இதை எப்படி அக்காவிடம் சொல்வது? பாயைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்திலும் அவள் கை எதையோ வெட்டுவது போல அசைந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக, சொல்ல விஷயம் இருந்தும் சுண்டுவுக்கு வாய் வரவில்லை.

அதனால் சொல்லவில்லை. பின்னல்காரியை மட்டும் எடுத்து, மடக்கிய முட்டியை நீட்டி, பெஞ்சு மேல் நிற்க வைத்தாள். விழுந்துவிடாமல் இருக்க அடியில் தாராளமாகப் பசை தடவினாள்.

அக்காவே எழுந்து, மேஜைக்கு வந்து, கூரையைத் திறந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பின்னல்காரியிடம் வந்தபோது பார்வை நின்றது.

"இவ ஏன் பெஞ்சு மேல நிக்கிறா?"

"பேசினா. டீச்சர் நிக்க வெச்சுட்டாங்க."

"சரி, இறங்கச் சொல்லு."

"அவளுக்கு மட்டும்தான்க்கா மரம் தெரியுது" என்றாள் சுண்டு, மெதுவாக.

அக்கா அவளைப் பார்த்தாள். கூரையை மூடினாள். கன்னத்தை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, வாசல் வழியே பார்த்தாள். அப்படியே வெகு நேரம் இருந்தாள். மறுபடி தூங்கிவிட்டாளோ என்று சுண்டு குனிந்து பார்த்தாள். தூங்கவில்லை.

"எடுத்துடு" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே. "எல்லாப் பிள்ளைங்களையும் எடுத்துடு. யாருக்கும் தெரியாது. இனிமே என்னால முடியாதுடி."

காது பெரியவன், கொட்டாவிக்காரன் என்று சுண்டு ஒவ்வொருவராக எடுத்துத் தன் பென்சில் டப்பாவில் படுக்க வைத்தாள். பின்னல்காரி மட்டும் வரவில்லை. இழுத்தாள். ஆட்டினாள். அவள் பெஞ்சை விட்டு இறங்குவதாக இல்லை.

"பசை அதிகமாயிடுச்சு போல" என்றாள் சுண்டு.

அக்காவும் இழுத்துப் பார்த்தாள். பெஞ்சுதான் பெயர்ந்து வந்தது. அக்கா பெஞ்சையும் அதன் மேல் அசையாமல் நின்றவளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அழுகை மாதிரி ஒரு சிரிப்பு. சமையலறையில் சுவரில் கால் வைத்துப் படுத்திருந்த அம்மா, என்ன ஆயிற்று என்று தலையை நீட்டிப் பார்த்தாள்.

"பிளேடை எடு" என்றாள் அக்கா.

ஜன்னலுக்குக் கீழே சுவரை முழங்கால் உயரம் வரைக்கும் வெட்டுவது என்று முடிவாயிற்று. அக்கா முதல் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"இவ்வளவு கீழ இறக்கினா பசங்க எட்டிப் பார்த்து விழுந்துட மாட்டாங்களா?"

"மரத்துக்கிட்டதானே விழுவோம்" என்றாள் சுண்டு.

மாடி இல்லாத பள்ளிதான். ஆனாலும் அக்கா யோசித்தாள். அதற்குள் வெட்டி எடுத்த துண்டைச் சுண்டு கையில் எடுத்து, படுக்கை வாட்டத்தில் அதே இடத்தில் வைத்துக் காட்டினாள். ஜன்னலில் ஒரு பலகை வந்தது. காது பெரியவனை டப்பாவில் இருந்து எழுப்பி அதில் உட்கார வைத்தாள். அவன் மரத்தைப் பார்த்தபடி வசதியாக உட்கார்ந்துகொண்டான்.

கடையில் இருந்து வந்த அப்பாவையும் பிடித்துச் சுவரைத் தாங்க வைத்தார்கள். வியர்வை கட்டடத்தில் சொட்டாமல் இருக்க அக்கா அவர் நெற்றியில் ஒரு துண்டைக் கட்டினாள். அம்மா, காயத்துக்குக் கட்டுப் போடுகிற அதே பொறுமையோடு, பலகைகளுக்குப் பசை தடவினாள். கொட்டாவி ஒருவர் வாயில் இருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் நடந்ததை அக்கா சாயங்காலம் வந்து, கதவில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள்.

பெரிய சார் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, இந்தச் சுவர் இயற்கையோடு என்ன பேசுது என்று கேட்டிருக்கிறார். மற்ற மாணவர்கள் எல்லோரும் பதிலை மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள். அக்காவுக்கு மனப்பாடம் செய்யத் தெம்பில்லை.

"சுவர் ஒண்ணும் பேசல சார். கொஞ்சம் வழி விட்டு நிக்குது. கண்ணைத் திறந்து, குனிஞ்சு பாருங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தக் கல்லூரியில் பெரிய சார் குனிந்து யாரும் பார்த்ததில்லை. அன்று குனிந்தார். சால்வையின் ஒரு முனை மழைநீர்த் தொட்டியில் விழுந்தது. கன்னத்தை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர முடியாமல், இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு யாரு, பெஞ்சு மேல?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி சார். வகுப்புல பேசிட்டா."

"இப்பதான் உட்கார்ந்தாலே மரம் தெரியுதே. இறக்கி விடலாமே?"

"பசை காஞ்சிடுச்சு சார்."

பெரிய சார் சிரித்ததையும் அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். அக்கா தேறிவிட்டாள். பள்ளிக்கூடத்தைக் கல்லூரியிலேயே பார்வைக்கு வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப மேஜை?" என்று கேட்டாள் அம்மா.

"நம்மளோடதுதான்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். அப்பா ஒரு மகாராஜாவைப் போல எழுந்து போய் விசிறியின் சுவிட்சைப் போட்டார். விசிறி 'கிர்' என்று ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி போட்டார். இந்தத் தடவை முனகலும் இல்லை.

மூன்று பேரும் ஊரிலேயே பேர் பெற்ற விசிறிக்காரரைப் பார்த்தார்கள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. பாயில் போய்ப் படுத்துக்கொண்டார்.

சுண்டு ஜன்னலைத் திறந்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் வந்து படுத்தாள். காற்று உள்ளே வந்து, மேஜைக்கு அடியில் மிச்சம் கிடந்த காகிதச் செடிகளை எல்லாம் அடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டது. அவற்றைப் பிடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை.