கீழ்த்தட்டு டப்பாக்கள்

"சித்தி! கீழ்த்தட்டுல இருந்த டப்பாவெல்லாம் எங்க?"

ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பாவின் குரலில் அந்த நிமிஷம் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பால் பொங்கி வரும் நேரம். சித்தி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கீழ்த்தட்டு காலி! வெறும் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. துடைத்து, காயவைத்து, மறுபடியும் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. உள்ளேயிருந்து பிளீச்சிங் பவுடர் வாசனை வேறு.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டை விரித்து டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடிகள் தனியாக, பெரியதன்மேல் சின்னது என்று அளவுப்படி அடுக்கியிருந்தன. பாப்பா ஒட்டியிருந்த சீட்டுகளைக்கூட, அந்த ஊர் எழுத்தில் எழுதியவை, சுரண்டி எடுத்தாயிற்று. நேற்று எல்லோரும் விமான நிலையத்திலிருந்து அலுத்துச் சலித்து வந்து அப்படியே படுத்துவிட்டதில் யார் கண்ணிலும் இது படவில்லை.

சித்தி அந்த மூடி அடுக்கையே பார்த்தாள். இந்த வீட்டில் மூடியை அளவுப்படி அடுக்குகிற ஆள் யாரும் கிடையாது. அப்படி அடுக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் நேற்றுதான் விமானம் ஏறினார்.

"யாரு சித்தி கொட்டினது? சொல்லுங்க!" பாப்பாவின் உதடு துடித்தது.

இருபத்திரண்டு வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான். சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். நேற்று அந்த முகம் அப்பாவின் தோளில் புதைந்து, மூக்கு சிவக்க அழுததை நினைத்தாள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

"நான்தான் கண்ணு... கிளம்பற அவசரத்துல... ஏதோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கொட்டிட்டேன்."

கொட்டிப்போனது ரொட்டித் துண்டுகளும் பழத்தோல்களும், அவற்றின்மேல் வளர்ந்த பூஞ்சையும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உணவு எப்படிக் கெடுகிறது என்பதுதான் பாப்பாவின் படிப்பே. ஒரு குடும்பம் நாள் முழுக்கத் திறந்து மூடுகிற ஃபிரிட்ஜில் பூஞ்சை எப்படிப் பிடிக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று கடைசி வருஷ ஆய்வு. அதைப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் அர்த்தமில்லை, வீட்டில்தான் வளர்க்க வேண்டும். தினமும் காலையில் ஒவ்வொரு டப்பாவையும் படம் எடுத்து, அளந்து குறித்துக்கொண்டு போவாள். 'யாரும் தொடாம நீங்கதான் சித்தி பாத்துக்கணும்' என்று முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். சித்தியும் குமட்டலை அடக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக்கூடத் தானே எடுத்துக் கொடுத்துக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தாள்.

"நீங்களா...?" பாப்பா நம்ப முடியாமல் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா சித்தி? உங்கள நம்பித்தானே வெச்சேன்! இத முடிக்காட்டி இந்த வருஷம் பட்டம் கிடையாது. உதவித்தொகையும் நின்னுடும். நான் மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போகணும்... போதுமா உங்களுக்கு?"

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த சித்தப்பா ஒற்றைக் கால் பூட்ஸோடு ஓடிவந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரமான கட்டடங்களில் தொங்கி வேலை செய்கிற மனிதர், வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் போதும், நிதானம் போய்விடும்.

"உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? அந்தப் புள்ள எத்தன தடவ சொல்லுச்சு! பெத்து வளத்திருந்தா ஒரு புள்ளயோட கஷ்டம் தெரிஞ்சிருக்கும்!"

 சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் சொல்லிவிட்டதை எப்படி அள்ளுவது? தலையைக் குனிந்துகொண்டு மறு பூட்ஸைத் தேடப் போய்விட்டார்.

சித்தி அடுப்புப் பக்கம் திரும்பினாள். ஆறிப்போன பாலில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாப்பா அறைக்குள் போய்ப் பெட்டியில் துணிகளைத் திணிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் ஹாஸ்டல்ல ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கறேன். என் அம்மா உயிரோட இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க!"

கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் மணி அடித்தது. சித்தி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள்.

அவள் ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

பாப்பாவின் அப்பா, சித்தப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். சொந்தபந்தமெல்லாம் அவரை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்லும். போலீஸ் இல்லை, சுகாதார இன்ஸ்பெக்டர். ஹோட்டல் ஹோட்டலாகப் புகுந்து, கெட்டுப்போன குழம்பை வாளி வாளியாகச் சாக்கடையில் கொட்டவைத்தே ஓய்வு பெற்றவர். எதையும் கேட்டுவிட்டுக் கொட்டிய வழக்கம் அவருக்கு இல்லை. மனைவி போன பிறகு, சமையலுக்கு மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தார். அந்த மகள், 'எல்லோரும் மேற்கே போய்ப் படிக்கிறார்கள், நான் கிழக்கே, நம் ஆசியாவிலேயே இருக்கிற நகரத்துக்குப் போகிறேன், சித்தப்பா வீடும் அங்கேதான் இருக்கிறது' என்று நின்றபோது, "பாஷ தெரியாத ஊர்ல என்னத்த கிழிக்கப் போற? போனா போ, என் மூஞ்சில முழிக்காத!" என்றுவிட்டார். பாப்பாவும் அவருக்குப் பிறந்தவள்தானே! போயே விட்டாள். அதன்பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சே இல்லை.

இங்கே வந்த புதிதில் பாப்பா பட்ட பாட்டைச் சித்திதான் கண்டாள். வகுப்பில் எல்லோரும் சிரிக்கும்போது ஏன் என்று தெரியாமல் தானும் சிரித்து வைத்துவிட்டு வருவாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். சித்தி வெளியே நின்று, "தண்ணி பில் எகிறுதுடி, வெளிய வந்து அழு" என்பாள். அழுகையோடு சிரித்துக்கொண்டு கதவு திறக்கும். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டரோடு அந்த ஊர் பாஷையிலேயே சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தபோது, சித்தி கைதட்டி வீட்டையே ரெண்டு பண்ணினாள்.

ஊரில் இருக்கிற இன்ஸ்பெக்டரையும் அவள் விடவில்லை. வாரம் தவறாமல் போன் போட்டு, "பாப்பா இன்னைக்கு மேடையேறி பேசுச்சு மாமா", "பாப்பாவுக்கு காய்ச்சல் மாமா" என்று காதில் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் 'ம்' என்பதற்குமேல் பேச்சு வராது. ஆனால் போனை வைக்கவும் மாட்டார். கல்லும் கரைந்து, இந்த வருஷம் அவரே வந்து இறங்கினார். பாப்பா தன் பல்கலைக்கழகம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள். "நானும் கெட்டுப்போனதத்தான் தேடினேன், நீயும் அதத்தான் தேடற" என்று அவர் சொன்னபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி மூக்கைச் சுருக்கிச் சிரித்தார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த டப்பாக்களைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை; தெரிந்தால் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டார் என்று, அவர் எழுந்திருக்குமுன்பே படம் எடுத்து முடித்துவிடுவாள்.

வந்த இடத்தில் சித்தி ஒன்றைக் கவனித்தாள். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனிதர், இப்போது தட்டைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கிறார். தனியாக இருந்து பழகிய கை. யாரும் பார்க்காதபோது செய்வார். மகளுக்கு அது தெரியாது, அவளைப் பொறுத்தவரை அப்பா சமையலறை வாசலையே மிதிக்காதவர். அதனால்தான் அன்று காலை அவளுக்கு அவர்மேல் சந்தேகமே வரவில்லை.

கடைசி நாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் மட்டும் வீட்டில் இருந்தார். என்ன நடந்திருக்கும் என்று சித்திக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். மகள் ஒரு வார்த்தை விடுவாள், அப்பா ஒன்பது வார்த்தை விடுவார். இப்போதுதான் ஒட்டிய உறவு, மறுபடி பிய்ந்தால் இந்த ஜன்மத்தில் ஒட்டாது.

சித்தி அன்றும் வேலைக்குப் போனாள். ரயில் நிலையத்துக்கு அடியில், படியிறங்கிப் போகிற கடைவரிசையில், துணிகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற கடை. ஒருவருடைய பேன்ட்டின் ஒரு காலை மட்டும் மடித்துத் தைத்துவிட்டு, மறு காலை மறந்துபோய் இஸ்திரி போட்டாள். கடைக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சித்திக்கு அந்த ஊர் பாஷை அளவெடுக்கவும் விலை சொல்லவும் மட்டும்தான் வரும். அரைகுறைச் சொல்லும் கைஜாடையுமாக விஷயத்தைச் சொல்லிவிட்டு, "எனக்கு நாலு வாக்கியம் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டாள்.

மறுநாள் பேராசிரியை அறை வாசலில் சித்தி நின்றாள். மனப்பாடம் பண்ணியதில் பாதி மறந்துபோயிற்று. "தப்பு என்னுடையது. பெண் நன்றாகப் படிப்பாள். தண்டனை அவளுக்கு வேண்டாம்." இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பேராசிரியை எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். டப்பாக்கள் போனாலும் அதுவரை எடுத்த படங்கள் பாப்பாவிடம் பத்திரமாக இருந்தன. அவற்றோடு குறைந்த அளவில் புதிதாக ஆரம்பிக்கலாம், கொஞ்சம் அவகாசம் தருகிறேன் என்று அன்றே பாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஆனால் அதே ஃபிரிட்ஜில்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒத்துவராது.

ஆக, கோபித்துக்கொண்டு போன பாப்பா தினமும் காலையில் இந்த வீட்டுக்கே வரவேண்டியதாயிற்று!

வருவாள். செருப்பைக் கழற்றுவாள். நேரே ஃபிரிட்ஜ், படம், அளவு, குறிப்பு. திரும்பிப் போய்விடுவாள். "சாப்டியா கண்ணு?" என்றால் "ஆச்சு." பேராசிரியையைப் பார்த்தது தெரிந்தபோதும், "செஞ்ச தப்புக்கு இதுகூட பண்ணலேன்னா எப்படி?" என்றுதான் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சித்தப்பாவும் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தான் சொன்ன வார்த்தை உள்ளே குத்திக்கொண்டிருந்தது அவருக்கு. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்கள் கோபமாக இருப்பதுபோல் நடிப்பார்கள், அது ஒரு சௌகரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா ஃபிரிட்ஜ் முன்னால் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தார். போன் அடித்தது. அண்ணன்! கை ஈரமாக இருந்ததால் விரல் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"டேய், பக்கத்துல யாரும் இல்லியே? உன் பொண்டாட்டி இருக்காளா?"

"இல்ல... சொல்லுங்கண்ணே." சோம்பேறித்தனத்தில் வந்த பொய்.

"தப்பா எடுத்துக்காதடா. சொல்லலாமா வேணாமான்னு இத்தன நாளா மனசுக்குள்ள போட்டு உழப்பிக்கிட்டு இருந்தேன். வீட்டை கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கச் சொல்லு. கிளம்பற அன்னைக்கு தண்ணி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தா... அடேயப்பா! கீழ்த்தட்டு பூரா டப்பா டப்பாவா பூஞ்சை! என் சர்வீஸ்ல எந்த ஹோட்டல்லயும் அப்படிப் பாத்ததில்ல. எல்லாத்தையும் கொட்டி, கழுவி, பிளீச்சிங் போட்டுத் துடைச்சேன்..."

சித்தி கையில் இருந்த கரண்டியோடு போனை நோக்கிப் பாய்ந்தாள். ஆனால் அண்ணன் பேச்சு நிற்கவில்லை.

"அவ முகத்துக்கு நேரா ஒண்ணும் சொல்லல. பாவம், வேலைக்கும் போறா, என் பொண்ணையும் பாத்துக்கறா. இது பாப்பா காதுக்குப் போயிடக் கூடாது, கேட்டியா? சித்தியோட மரியாத போயிடும்."

பாப்பா கையில் இருந்த டப்பாவோடு அப்படியே எழுந்து நின்றாள். சித்தியைப் பார்த்தாள். சித்தி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. சித்தப்பாவின் கையில் ரேசர் அந்தரத்தில் நின்றது.

"அப்பா..." என்றாள் பாப்பா.

"யாரு... பாப்பாவா? அட ராமா! கேட்டுட்டியா?"

 ஒரு வார்த்தை போதும். பாப்பா டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டேன்பா."

"சித்திகிட்ட கோச்சுக்காதம்மா. வேலைப் பளுவுல மறந்திருப்பா."

"கோச்சுக்க மாட்டேன்பா..." குரல் உடையாமல் இருக்க அவள் பட்ட பாடு! "நீங்க துடைச்சு வெச்சது... ரொம்ப சுத்தமா இருக்குப்பா. அப்புறமா கூப்பிடறேன். வேளைக்குச் சாப்பிடுங்க."

போனை அணைத்தாள். டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்து, கதவை மெல்லச் சாத்தினாள். அதற்குமேல் முடியவில்லை.

"ஏன் சித்தி... ஏன் சொல்லல? நான் எவ்ளோ பேசினேன்! என்னென்னவோ சொன்னேனே!"

"நீ என்மேல கோச்சுக்கிட்டா நாளைக்கே வந்துடுவேன்னு தெரியும் கண்ணு. வந்துட்டுதானே இருந்தே? உங்கப்பாமேல கோச்சுக்கிட்டா... ரெண்டு பேருக்கும் திரும்பி வரத் தெரியாதே!"

பாப்பா ஓவென்று அழுதபடி சித்தியைக் கட்டிக்கொண்டாள். சித்திக்கு மூச்சு முட்டியது, ஆனால் விடு என்று சொல்லவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்த அழுகை அவளுக்கும் இப்போதுதான் வெடித்தது.

சித்தப்பா பாதி மழித்த முகத்தோடு வாசற்படியில் நின்று கையைப் பிசைந்தார். "நான் அன்னைக்கு... பெத்திருந்தான்னு ஒரு வார்த்த... என் நாக்கு அழுகிப்போகணும்..." முடிக்கத் தெரியாமல் திணறினார்.

சித்தியின் தோளிலிருந்து பாப்பா முகத்தை எடுக்கவே இல்லை. அழுகைக்கு நடுவே அதட்டல் மட்டும் வந்தது.

"நின்னுட்டே இருக்காதீங்க சித்தப்பா. என் பெட்டி ஹாஸ்டல்ல இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க."

சித்தப்பா நுரையைக்கூடத் துடைக்காமல் லிஃப்டுக்கு ஓடினார்.