தாமியின் லிஃப்ட் கனவு விற்பனைக்கு

ஏழு வயது தாமி தன் கனவை விற்கப் பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாங்கத்தான் ஆள் இல்லை.

கனவை விற்பதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. மொக்போ என்ற அந்தத் துறைமுக ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது. நல்ல கனவு கண்டவர் அதை வேண்டியவருக்கு விற்கலாம். வாங்குகிறவர் பதிலுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். 'வித்துட்டேன்', 'வாங்கிட்டேன்' என்று இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், கனவு கைமாறிவிடும். கொழுத்த பன்றி ஒன்று வீட்டுக்குள் ஓடிவந்ததாகக் கண்ட கனவை, ஐந்தாம் வகுப்பு குன்ஹோ முந்தின நாள்தான் ஒரு சாக்லேட் பன்னுக்கு விற்றிருந்தான். பன்றி வந்தால் யோகமாம்.

"என் கனவு வேணுமா? மலிவாத் தர்றேன்," என்றாள் தாமி.

"என்ன கனவு? பன்றியா, டிராகனா?" என்று குன்ஹோ கேட்டான்.

"லிஃப்ட். ரொம்பப் பயமா இருக்கும்."

குன்ஹோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கெட்ட கனவையா விக்க வந்தே? பழைய சோபாவைத் தூக்கிப் போடறதுக்கே நாமதான் காசு கட்டி ஸ்டிக்கர் ஒட்டணும். நீயும் உன் கனவு மேல ஒரு ஸ்டிக்கரை ஒட்டி வாசல்ல வை. குப்பை லாரி வந்து அள்ளிட்டுப் போகும்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். தாமி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அடுத்த கூட்டத்திடம் போய், "என் கனவு வேணுமா?" என்று கேட்டாள்.

அவளுடைய அக்கா நாரே, குன்ஹோவின் வகுப்புதான். கையில் பொரித்த கணவாய்க் குச்சியோடு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு முகமெல்லாம் சூடானது. தங்கை ஏன் இப்படி நிற்கிறாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கனவு தாமியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கனவு கண்டதும் அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். பிறகு தூங்க மாட்டாள். நிஜ லிஃப்ட் பக்கமே போக மாட்டாள். பன்னிரண்டாம் மாடி வீட்டுக்குப் படியிலேயே ஏறி இறங்குவாள்.

அப்பா கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். சோற்றில் சுற்றித் தின்னும் கறுப்புக் கடற்பாசித் தாள் செய்யும் ஆலையில் அம்மாவுக்கு மாலை முறை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் போய்விடுவார், அவர்கள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். வந்து கண்ணை மூடினால் தாமியின் அலறல். தூக்கம் கெட்ட அம்மா, தாள் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் கண்ணயர்ந்துவிட்டார். மேற்பார்வையாளர் எல்லோருக்கும் கேட்கும்படி திட்டினார்.

'அம்மா வீட்டோட இருந்தா எல்லாம் சரியாயிடும்' என்று பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள், மாடிப்படியிலும் சொன்னார்கள். சம்பளத்தை யார் கொடுப்பார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில், ஜிந்தோ தீவிலிருந்து பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தாமியைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. பள்ளிக்கூடமும் இனி அங்கேதான். பெரியம்மா நல்லவர். அவர் வீட்டில் நாய்கூட உண்டு. ஆனால் அங்கே நாரே இல்லை, அம்மா இல்லை.

நாரே நேரே போய்த் தங்கை முன்னால் நின்றாள். "நான் வாங்கிக்கறேன்."

தாமி கண்ணைச் சுருக்கினாள். "நிஜமாவா? என்ன தருவே?"

நாரே கணவாய்க் குச்சியை நீட்டினாள்.

"ஏற்கெனவே கடிச்சிருக்கே!"

"உன் கனவும் பழசுதானே?"

தாமி யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. "சரி, வித்துட்டேன்."

"வாங்கிட்டேன்," என்றாள் நாரே, குன்ஹோவுக்குக் கேட்கும்படி.

மறுநாள் காலையில் தாமி கண்ணெல்லாம் வீங்கி, சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் வந்துச்சு அக்கா. நீ காசைக் குடுத்துட்டுச் சாமானைக் கடையிலயே விட்டுட்டுப் போயிட்டே."

"இல்லையே, எனக்கும் வந்துச்சே!" என்று நாரே அவசரமாகப் புளுகினாள். "லிஃப்ட் மேல மேல போச்சு."

"அப்படியா? பொத்தான்ல என்ன போட்டிருந்துச்சு?"

"என்ன போட்டிருக்கும்? ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"பொய்!" தாமி கரண்டியை வைத்துவிட்டாள். "எல்லாப் பொத்தான்லயும் எஃப்தான் இருக்கும்."

அவர்கள் கட்டடத்தில் நான்காம் மாடிப் பொத்தானில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கும். அவர்கள் மொழியில் நான்கு என்றால் சாவு என்பதுபோல ஒலிக்கும், அதனால் அந்த எண் கட்டியவர்களுக்கு ஆகாது. தாமியின் கனவில் எல்லா மாடியுமே அந்த ஆகாத மாடிதான் போலிருக்கிறது.

"பொய் சொன்னா வியாபாரம் செல்லாது. கணவாயைத் திருப்பித் தர முடியாது, தின்னுட்டேன்," என்று சொல்லிவிட்டுத் தாமி எழுந்து போனாள்.

நாரேவுக்கு வெட்கமாக இருந்தது. விஷயம் என்னவென்றால், அவளுக்கு எந்தக் கனவுமே நினைவில் நிற்பதில்லை. தலையணையில் தலையை வைப்பாள், உடனே காலை வந்துவிடும். கனவையே பிடிக்கத் தெரியாதவள் இன்னொருத்தியின் கனவை எப்படி வாங்கி வைத்துக்கொள்வது?

பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் யோசித்தாள். காலையில் என்ன நடக்கிறது? போனில் அலாரம் கத்துகிறது. அவள் துள்ளி எழுந்து அதை அமுக்குகிறாள். வீட்டுப்பாடம் முடித்தோமா, சாக்ஸ் எங்கே என்று தேட ஆரம்பிக்கிறாள். இந்த அமளியில் எந்தக் கனவுதான் உட்கார்ந்திருக்கும்?

அடுத்த நாள் காலையில் கண் விழிப்பதற்கு ஓர் ஏற்பாடு செய்தாள். முதல் வேலையாக அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: 'நாளைக்கு அலாரம் வேண்டாம். நீயே எழுப்பு. பேசக் கூடாது. கால் கட்டைவிரலை மட்டும் தொடு.'

'வாயே திறக்காம உன்னை எழுப்பணுமா? எனக்கு லாபம்தான்,' என்று பதில் வந்தது.

கட்டைவிரலில் விரல் பட்டதும் நாரே விழித்தாள். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. புரளவும் இல்லை. படுத்த வாக்கிலேயே, 'இப்ப நான் எங்கே இருந்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு. பிறகு, மெதுவாக, ஒரு வெள்ளை முள்ளங்கி வந்தது.

முள்ளங்கியை விடாமல் பிடித்துக்கொண்டாள். முள்ளங்கி எங்கே இருந்தது? பேருந்தில். யார் பக்கத்தில்? தன் பக்கத்தில். அது டிக்கெட் எடுத்ததா? எடுக்கவில்லை, அதனால்தான் ஓட்டுநரோடு சண்டை! நூலைப் பிடித்து இழுக்க இழுக்க ஸ்வெட்டர் பிரிவதுபோல, கனவு முழுவதும் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது.

"அம்மா! எனக்குக் கனவு வந்துச்சு! முள்ளங்கி!"

"முள்ளங்கியா? பன்றி வரக் கூடாதா, கொஞ்சம் யோகமாவது கிடைச்சிருக்கும்," என்றார் அம்மா கொட்டாவியோடு.

அதற்கடுத்த காலையில் லிஃப்டே வந்துவிட்டது. நாரே ஓடிப்போய்த் தங்கையிடம் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"லிஃப்ட்ல ஒரே கூட்டம். குன்ஹோ பன்றியோட ஏறினான். பன்றி என் கால மிதிச்சிடுச்சு."

தாமிக்குக் கோபம் வந்தது. "அது என் கனவே இல்ல. என்னோட லிஃப்டுக்குள்ள யாருமே இருக்க மாட்டாங்க."

"அப்போ எனக்கு வழி தெரியலடி. நீதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

"எப்படி?"

"அடுத்த தடவை வந்தா எழுந்து ஓடாதே. கண்ணைத் திறக்காதே, அசையாதே. எங்கே இருக்கேன்னு மட்டும் எனக்குச் சொல்லு. நான் பக்கத்துலயே படுத்திருப்பேன்."

அந்த வாய்ப்பு சனிக்கிழமை விடியற்காலையிலேயே வந்தது. தாமியின் உடம்பு விறைத்தது. அலறுவதற்கு வாய் திறந்ததுமே நாரே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன். அசையாதே. எங்கே இருக்கே?"

"லிஃப்ட்ல." தாமி அக்காவின் கையை இறுக்கினாள். "கதவு திறந்துடுச்சு. அம்மா நிக்கறாங்க. முதுகைக் காட்டிட்டு. நான் கூப்பிடறேன், குரல் வரல. கதவு மூடப் போகுது..."

"இரு, மூடட்டும். தரை எப்படி இருக்கு?"

இதுவரை அவளிடம் யாரும் தரையைப் பற்றிக் கேட்டதில்லை. "ஈரமா இருக்கு. அம்மா வெள்ளை பூட்ஸ் போட்டிருக்காங்க. தலையில வலைத் தொப்பி." தாமி கண்ணைத் திறந்தாள். "அக்கா, அது ஆலை! லிஃப்ட் அம்மாவோட ஆலைக்குப் போயிருக்கு!"

கனவில் இதையெல்லாம் அவள் முன்பு பார்த்ததே இல்லை. பார்ப்பதற்குள்தான் அலறி எழுந்துவிடுவாளே.

மதியம் அம்மா வேலைக்குப் போனதும், நாரே படுக்கை வைக்கும் அலமாரியிலிருந்து மெத்தைகளை இழுத்து வெளியே போட்டாள். காலியான அலமாரிக்குள் தாமியை நிற்க வைத்தாள். உள்பக்கம் முழுவதும் 'எஃப்' எழுதிய காகிதங்களை ஒட்டினாள்.

"இது இப்ப என் கனவு. நான் காசு குடுத்து வாங்கினது. எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்குவேன்," என்றாள். அம்மாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு, அறை நடுவில் முதுகைக் காட்டி நின்றாள். "நான்தான் அம்மா. கதவைத் திற."

தாமி கதவைத் திறந்தாள். நின்றாள். வாய் மட்டும் அசைந்தது, குரல் வரவில்லை.

நாரே திரும்பவில்லை.

"திரும்பேன்!" என்றாள் தாமி கடைசியில்.

"மாட்டேன். கனவுல அம்மா திரும்பலையே. நான் திரும்பினா அது ஏமாத்து வேலை. நீ என்ன பண்ணப் போறே?"

"என்னால கூப்பிட முடியாது."

"சரி, குரல் வராது. காலுமா வராது?"

தாமி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள், இதுவரை அவை அங்கே இருப்பதே தெரியாததுபோல. வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். அப்புறம் இடது கால். நாரேயைச் சுற்றி நடந்து முன்பக்கம் போய் நின்றாள்.

நாரே இரண்டு முன்பற்களிலும் கடற்பாசித் தாளை ஒட்டிக்கொண்டு பல்லிளித்தாள். தாமி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். சாயங்காலம்வரை அந்த லிஃப்ட் மேலும் கீழும் ஓடியது. ஒருமுறை தாமி அம்மாவானாள். மீதி முறையெல்லாம் கதவைத் திறந்து, காலை எடுத்து வைத்து, சுற்றி நடந்தாள்.

ஞாயிறு காலை. அம்மா தாமியின் துணிகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மடிக்கிற வேகத்தைப் பார்த்தால் மடிக்க மனமில்லை என்று தெரிந்தது.

தாமி எழுந்து வந்தாள். முகம் வீங்கவில்லை. இரவு அலறவும் இல்லை.

"கனவு வந்துச்சும்மா," என்றாள். "லிஃப்டை விட்டு இறங்கி, சுத்திக்கிட்டு முன்னாடி போய்ப் பார்த்தேன்."

அம்மாவின் கை நின்றது. "என்ன பார்த்தே?"

"நீ நின்னுக்கிட்டே தூங்கிட்டு இருந்தே. அதான் திரும்பல. என் மேல கோவம்லாம் இல்ல."

அம்மா கையிலிருந்த துணியை மடியில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். "கனவுலகூட எனக்கு ஒரு படுக்கை கிடைக்கலையா?"

"நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து லிஃப்ட்ல ஏத்தினேன். உள்ள மெத்தை போட்டிருந்துச்சு. நீ படுத்துட்டே. நான்தான் பொத்தானை அமுக்கினேன்."

"எந்தப் பொத்தான்?" என்று நாரே கேட்டாள்.

"பன்னெண்டு. இந்தத் தடவை நம்பர் இருந்துச்சு."

அம்மா தாமியையும் நாரேயையும் மாறி மாறிப் பார்த்தார். "திரும்பவும் வந்தா என்னடி பண்ணுவே?"

"வரட்டும்," என்றாள் தாமி. "எப்படிச் சுத்திப் போகணும்னு எனக்குத் தெரியுமே."

அம்மா போனை எடுத்தார். "அக்கா, கிளம்பிட்டியா? தீவுப் பாலத்தைத் தாண்டிட்டியா? சரி, வா, சாப்பிட்டுட்டுப் போ. ஆனா தாமி வரலை. ஆமா, நல்லாத்தான் தூங்கினா. என்னையும் தூங்க வெச்சுட்டா." பேசிக்கொண்டே பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மடித்த துணியெல்லாம் தரையில் விழுந்தது. அடுக்கி வைக்கச் சொல்லி யாரையும் அவர் திட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது. பெரியம்மா ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "யாராவது இறங்கி வாங்கடி! வண்டி நிறைய வெங்காயத்தாள் கொண்டு வந்திருக்கேன், ஒருத்தியா எப்படித் தூக்குவேன்?"

"நான் போறேன்!" என்று தாமி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நாரே பின்னாலேயே ஓடினாள். வழக்கம்போலப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியவள், தங்கையைக் காணாமல் நின்றாள்.

தாமி லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் வெளிறிய முகம்தான். ஆனால் விரல் பொத்தானில் இருந்தது.

"இருடி, நானும் வர்றேன்!"

"நீ மெதுவா வா அக்கா!"

கதவு மூடிக்கொண்டது.

நாரே பன்னிரண்டு மாடியையும் திட்டிக்கொண்டே படியில் இறங்கினாள். மூச்சிரைக்கக் கீழே போய்ச் சேர்ந்தபோது, பெரியம்மா காலி வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். தாமி வெங்காயத்தாளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு அதற்குள் மேலே போய்விட்டிருந்தாள்.