இடிக்குமுன் காணாமல் போன ஆரம்

சித்தாள் முத்துப்பேச்சி அழவில்லை. அதுவே பால்ராஜுக்கு என்னவோ போல் இருந்தது.

"பொழுதடையறதுக்குள்ள ஆரம் கிடைக்கலைன்னா வீட்டுக்காரரு போலீஸுக்குப் போறாராம்க்கா. களவாணின்னு எல்லாச் சித்தாளு முன்னாடியும் சொல்லிட்டாரு. இனிமே போடியில எந்த வீட்டுல என்னைய உள்ள விடுவாக?"

ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற சந்திரவல்லி, கையிலிருந்த டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதற்குள் அவர் கொழுந்தன் பால்ராஜ் முத்துப்பேச்சியை ஏற்றி, ஜீப்பைக் கிளப்பி ஹாரனும் அடித்துவிட்டான். மதினி துப்புத் துலக்கக் கிளம்பினால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஏலக்காய் வியாபாரி காசிராஜன் வீட்டில், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரை மறுநாள் காலையில் இடிப்பதாக ஏற்பாடு. சாமான்கள் எல்லாம் பின்னறைக்குப் போயாயிற்று. நகர்த்த முடியாத இரும்பு பீரோ மட்டும் ஹாலில் நின்றது. தூசி போகாமலிருக்க முத்துப்பேச்சி பத்து மணிக்கு அதைப் பாலிதீன் தாளால் மூடி, விளிம்பெல்லாம் டேப் ஒட்டினாள். மூன்று மணிக்குத் திரும்பிய காசிராஜன், மகளின் கல்யாண ஆரத்தை பேங்க் லாக்கரில் வைக்கலாமென்று தாளைக் கிழித்தார். சாவி பீரோவிலேயே தொங்கியது, ஆரத்தைக் காணோம்.

பால்ராஜ் முதல் ஆளாக ஹாலுக்குள் பாய்ந்து சுவிட்சைப் போட்டான். விளக்கு எரியவில்லை.

"எரியாதுப்பா. இடிக்கிற சுவத்துல வயர் ஓடுது. காலையில ஒம்பதுக்கே ஹால் ஃபியூஸைப் புடுங்கியாச்சு," என்றார் காசிராஜன்.

அப்போதுதான் அவர் மைத்துனன் பாண்டித்துரை பின்னறையிலிருந்து வந்தான். ஏலக்காய்த் தரகன், தோளில் சாம்பிள் பை. சட்டைப்பையிலிருந்து ஒரு காயை எடுத்து, வளர்த்திருந்த கட்டைவிரல் நகத்தால் நீளவாக்கில் பிளந்து, விதையை வாயில் போட்டுக்கொண்டான்.

"பகல் பூரா இங்கனதான் ஃபேனுக்கடியில படுத்திருந்தேன். இந்தப் பொம்பள மூடிட்டுப் போனப்பறம் ஒரு ஈ காக்கா வரல. மூடும்போதே எடுத்திருக்கா. எனக்கு மலையில சோலி கிடக்கு மச்சான், வெரசா முடிங்க."

பால்ராஜ் ஜன்னலில் கால்தடம் தேடிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பிகளுக்குள் பூனைகூட நுழைய முடியாது என்பது அவனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

சந்திரவல்லி கிழிந்த தாளைத் தரையில் விரித்து, டேப்பை மெல்ல உரித்தார். அதன் பசையில் பச்சையாக ஓர் ஏலக்காய்த் தோல் ஒட்டியிருந்தது. நீளவாக்கில் பிளந்த தோல்.

"பேச்சி, கையைக் காட்டு."

பத்து விரலிலும் சிமெண்டு தின்று தீர்த்த நகங்கள்.

"இந்தக் கையால காயை இப்படிப் பிளக்க முடியாது. வேற ஆளு டேப்பைப் பிரிச்சு, பீரோவைத் திறந்து, திரும்ப ஒட்டியிருக்கான். பழக்கதோசம், நடுவுல ஒரு காயையும் பிளந்திருக்கான்."

"போடியில ஏலக்காய் தின்னாத ஆளு யாரு?" என்று சிரித்தான் பாண்டித்துரை.

"நியாயந்தான் தம்பி. புழுக்கமா இருக்கு, அந்த ஃபேனைப் போடுங்க."

அவன் சுவிட்சைத் தட்டினான். ஃபேன் அசையவில்லை. மறுபடி தட்டினான்.

"ஒம்பதுல இருந்து இங்க கரண்டு இல்ல. பகல் பூரா படுத்திருந்த ஆளுக்கு அது தெரியாமப் போயிருச்சா?" சந்திரவல்லியின் குரல் உயரவே இல்லை. "இன்னொண்ணு. தோள்ல சாம்பிள் பை தொங்குது. காயை மட்டும் சட்டைப்பையில இருந்து எடுக்குறீக. அந்தப் பையைக் கொட்டுங்க, பார்ப்போம்."

பாண்டித்துரை கொட்டவில்லை. காசிராஜன்தான் பிடுங்கிக் கொட்டினார். பாலிதீன் தாளெங்கும் பச்சைக் காய்கள் உருண்டன. நடுவில் ஆரம் மின்னியது. தானே கண்டுபிடித்ததுபோல பால்ராஜ் தொடையில் தட்டிக்கொண்டான்.

காசிராஜன் முத்துப்பேச்சி முன்னால் தலைகுனிந்தார். "தப்பு எம்மேலதான் ஆத்தா."

"இங்க சொல்லாதீக. யாரு முன்னாடி களவாணின்னு சொன்னீகளோ, அவுக முன்னாடி சொல்லுங்க," என்றாள் முத்துப்பேச்சி.

மறுநாள் காலையில் சித்தாட்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார். பிறகு எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் ஏற்றினார்கள். முதல் அடி வீட்டுக்காரர் அடிப்பதுதான் வழக்கம். காசிராஜன் சம்மட்டியை முத்துப்பேச்சியிடம் நீட்டினார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரே போடு போட்டாள். இரண்டு செங்கல் பெயர்ந்து சமையலறைப் பக்கம் விழுந்தன. பால்ராஜுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது, அடித்தும்விட்டான்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறீக?" முத்துப்பேச்சி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "சட்டியைக் கொண்டா, சோலியைப் பார்ப்போம்."