துண்டுக்கு அடியில்

ஸ்வெட்டர் காயவில்லை.

கார்த்திகை மழையில் தாம்பரத்தில் எதுதான் காய்கிறது என்று முதலில் தசரதன் அதைப் பொருட்படுத்தவில்லை. முடிச்சூர் ரோடு முழுக்கத் தேடினாலும் ஸ்வெட்டர் வைத்திருக்கிற ஒரே ஆள் அவனுடைய மச்சான், மனைவி கிளியம்மாளின் அண்ணன் ராஜாராமன்தான். பெயிண்ட் கம்பெனிக்காரன் டீலர்களுக்குக் கொடுக்கிற கப்பல் டூருக்காகப் போன வருஷம் பாரிமுனையில் அடித்துப் பேசி வாங்கியது. இருவரும் கூட்டாக நடத்தும் பெயிண்ட் கடைக்கு வருஷத்துக்கு ஒரு டூர்தான். இந்த வருஷம், "நீ போய்ட்டு வா மாப்ள, கொழந்தையையும் இட்டுனு போ," என்று டூரையும் விட்டுக்கொடுத்து, ஸ்வெட்டரையும் கொடுத்தார். ஓசியில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடிகூடக் கொடுக்காத மனுஷன்.

ஸ்வெட்டரைக் கொடியில் போட்டான், அடுப்புக்குப் பக்கத்தில் போட்டான், இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்டினான். புகை வந்தது; ஈரம் போகவில்லை. இன்று மாலை அதை எடுத்துப் பிழிந்தபோது, அப்போதுதான் கடலிலிருந்து தூக்கியதுபோல் நீர் கொட்டியது. விரல்கள் மரத்துப்போயின. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

"இன்னாடி இது, ஒரு வருஷமா பீரோவுல இருந்த துணி?"

கிளியம்மாள் திரும்பிப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மழக் காலத்துல எதுங்க காயுது? அண்ணன் குடோனாண்ட கூப்ட்டாரு. போய்ட்டு வந்துடுங்க."

கூடத்தில் மகள் ஞானாம்பாள் கப்பலுக்கு எடுத்துப்போக வேண்டிய பொம்மையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "நைனா, கப்பல்ல வாந்தி வந்தா கடல்லயே எடுக்கலாமா?"

"எடு. கேக்கறதுக்கு ஆள் இல்ல," என்றான். அவள் சிரித்த சிரிப்பு பின்வாசல்வரை அவன் கூடவே வந்தது.

கொல்லையைத் தாண்டினால் குடோன். நேரம் ஐந்துகூட ஆகியிருக்காது, ஆனால் வானம் தார் டின்னைக் கவிழ்த்ததுபோல் இறங்கியிருந்தது. கரண்ட் போயிருந்தது. எங்கோ சானடோரியம் பக்கம் மின்சார ரயில் ஒன்று ஊதிவிட்டு மழைக்குள் கரைந்தது. கணுக்கால் தண்ணீரில் நடக்கும்போது அவனுக்கு மச்சானின் கப்பல் கதை ஞாபகம் வந்தது. பகலிலேயே இருட்டுகிற ஊர், ஓயாத சாரல், கடலுக்குள் நேராக இறங்குகிற கறுப்பு மலைகள், மிதந்து வருகிற பனிக்கட்டி. கப்பல் தளத்தில் வழுக்கி, இதே ஸ்வெட்டரோடு அந்தத் தண்ணீரில் விழுந்தார் ராஜாராமன். விழுந்தவன் ஐந்து நிமிஷம் தாங்க மாட்டானாம். இவரை அரைமணி கழித்து உயிரோடு தூக்கினார்களாம். 'யமனாண்டையே தள்ளுபடி வாங்கினவரு' என்று மார்க்கெட்டே சொல்லிச் சிரித்தது. அவர் மட்டும் சிரித்ததில்லை.

குடோன் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து நுழைந்தான். டர்பன்டைன் வாசனை இருக்க வேண்டிய இடத்தில் பாசி வாடையும் செத்த மீன் வாடையும் வீசின. கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், அலை வந்து ஏதோ மரத்தில் மோதித் திரும்புவதுபோல், நிதானமாக, விட்டு விட்டு. உள்ளே போகப் போகக் குளிர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது. வாயைத் திறந்தால் புகை வந்தது. தாம்பரத்தில். வாயிலிருந்து. புகை.

கோடியில், டிரம்களுக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு ராஜாராமன் குந்தியிருந்தார். வலது கையை நீட்டியிருந்தார். கையின்மேல் துண்டு.

தசரதனுக்கு அது தெரியும். இரண்டு வீட்டுத் தாத்தன்களும் மாட்டுத் தரகர்கள். சந்தையில் நாலு பேர் காதுக்கு விலை எட்டாமலிருக்கத் துண்டைப் போட்டு, அதற்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். விலை மட்டுமில்லை, உருப்படிக் கணக்கும் விரலில்தான்; விரல் இத்தனை என்றால் மாடு இத்தனை. முடிந்ததும் துண்டை உருவுவார்கள். உருவின பிறகு பேச்சே கிடையாது.

துண்டுக்குள் விரல்கள் நெளிந்தன. எதிர் முனையும் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த முனை நின்ற இடத்தில் ஆள் இல்லை. இரண்டு டிரம்களுக்கு நடுவே ஒரு சந்து. குழந்தைகூட நிற்க முடியாத சந்து.

"ரெண்டு கட்டுப்படியாவாதுபா," என்று அந்தச் சந்தைப் பார்த்து மச்சான் முனகினார். "ஒண்ணு எட்த்துக்கோ. சின்னத வுட்டுடு. எந்தங்கச்சி பெத்த பொண்ணு அது."

"மச்சான்!"

ராஜாராமன் திரும்பினார். முகம் முழுக்க ஈரம். "கரைக்கு வந்தா வுட்டுடும்னு நெனச்சேன் மாப்ள. பின்னாடியே வந்துட்சி. கொழந்தையையும் சேத்துக் கேக்குது. நான் சொன்னா எறங்க மாட்டேங்குது. பெத்தவன் நீ கைய வச்சிப் பேசு. எறங்கும்."

பொம்மையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த குரல் காதில் கேட்டது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டான்.

ஐஸ் பாறையைத் தொட்டதுபோல் இருந்தது. வழவழப்பு. ஊறிய தோல். அது இரண்டு விரலைப் பிடித்தது. அவன் உதறி ஒன்றை மடக்கினான். பிள்ளை கிடையாது. நான் மட்டும்.

அது உடனே ஒப்புக்கொண்டது.

தசரதனுக்கு உறைத்தது. முதல் பேச்சுக்கே எதிராளி தலையாட்டினால் ஏமாந்தது நாம்தான் என்று பால்குடி மறக்கும் முன்பே கற்ற குடும்பம். கையை இழுத்தான். வரவில்லை.

ராஜாராமன் எழுந்து மெதுவாகத் துண்டின் முனையைப் பற்றினார். முகத்தில் வழிந்தது மழைத் தண்ணீர் மட்டும்தான். கண்கள் காய்ந்து கிடந்தன.

"கொழந்தைய அது கேக்கவேல்ல மாப்ள. எனக்குப் பதிலா ஒரு ஆளத்தான் கேட்டுச்சி. நீயா கைய வச்சாத்தான் செல்லும்னுட்சி. வேற எதச் சொன்னா நீ கை வெப்ப?"

துண்டை உருவினார். மெழுகுவர்த்தி அணைந்தது.

"அண்ணா, ஆச்சா?" ஷட்டருக்கு வெளியிலிருந்து கிளியம்மாள். சோறு போடவா என்று கேட்கிற அதே குரல்.

"ஆச்சிம்மா. இஸ்த்து வுடு." குனிந்து வெளியேறும் செருப்புச் சத்தம்.

"கிளி! ஏ கிளி!"

"எனக்குக் கூடப் பொறந்தது ஒண்ணுதாங்க," என்றாள்.

ஷட்டர் இறங்கியது. பாதி. கால். தரையோடு ஒரு கோடு வெளிச்சம். அதில் மெட்டி போட்ட இரண்டு பாதங்கள். நகரவில்லை. காத்திருந்தன. உள்ளே தண்ணீர் ஏறியது. முழங்கால். இடுப்பு. உப்பு. இருட்டில் அவன் கையை ஒரு விரல் சுற்றியது. இன்னொன்று. மணிக்கட்டில் ஐந்தாவது. முழங்கையில் ஆறாவது. சந்துக்குள்ளிருந்து இன்னும் விரல்கள் வந்துகொண்டே இருந்தன.