கதவு சாத்துகிற வேகம்

தோற்றுப்போவோம் என்ற பயமே பட்டாணிக்கு இல்லை. இருபது நாள் பயிற்சி என்றால் சும்மாவா?

அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் வகுப்பிலேயே குட்டை என்பதால் அண்ணன் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அவர்களுடைய அம்மாவுக்கு கோல்ஃப் மைதானத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய் இயந்திரத்தால் புல் வெட்டுவார். மதியம் வீட்டுக்கு வந்து தூங்குவார். அம்மா வழவழவென்று வெட்டி வைக்கும் அந்தப் புல்லில் பிள்ளைகள் இருவரும் கால் வைத்ததே இல்லை. அதற்கு அனுமதி அட்டை வேண்டும். இன்றைய சிறுவர் போட்டியில் ஜெயிக்கும் ஜோடிக்கு, ஒரு வருடத்துக்கு அந்த அட்டை!

அதற்காகத்தான் தினமும் மாலையில், வீட்டுக் கூடத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்துப் பழகினார்கள். ஓங்கித் தட்டினால் பந்து டம்ளருக்குள் போய் 'டங்' என்று மோதும். அந்தச் சத்தம் பட்டாணிக்கு ரொம்பப் பிடிக்கும்.

போட்டி தொடங்கியது. ஆறு குழிகள். ஜோடியில் இருவரும் ஒரே பந்தை மட்டையால் மாறி மாறித் தட்டிக் குழிக்குள் போட வேண்டும். குறைவான தட்டுகளில் முடிப்பவர்களுக்கு வெற்றி.

முதல் குழியில் அண்ணன் தட்டினான். பந்து நேராகப் போனது. குழியின் மேலேயே பாய்ந்து தாண்டி, அந்தப் பக்கம் ஓடிவிட்டது.

"என்னடா இது, குழி கண்ணுக்குத் தெரியலையா அதுக்கு?" என்றான் அண்ணன்.

இரண்டாவது குழியில் பட்டாணி தட்டிய பந்து விளிம்பில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தது. மூன்றாவதில் அண்ணன் பயந்துபோய்ப் பூ மாதிரித் தட்டினான். பந்து குழிக்கு நாலு விரல் முன்னால் நின்றுகொண்டது.

கண்ணாடி போட்ட இரட்டையர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அவர்களுக்கு ஆறு தட்டு. இவர்களுக்கு ஒன்பது.

"போச்சு. நான் ஒரு தண்டம்," என்று அண்ணன் மட்டையைக் கீழே போட்டான்.

பட்டாணிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அழுதுவிடுவான் போல இருந்தது. அவள் குழியருகே குனிந்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். புல்லோடு புல்லாக, தடையே இல்லாமல் இருந்தது.

"அண்ணா, தப்பு உன்மேல இல்ல. டம்ளர்மேல!"

"என்னது?"

"டம்ளர் விளிம்பு மேடா இருக்கும்ல? வேகமா போனாத்தான் ஏறும். இங்க மேடே இல்ல. வேகமா போனா தாண்டிடுது."

"மெதுவா தட்டினா நின்னுடுதே!"

அது சரிதான். ஓங்கவும் கூடாது, பயப்படவும் கூடாது. நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டும். அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பட்டாணி யோசித்தாள். சட்டென்று பிடிபட்டது.

"அம்மா தூங்குறப்ப அந்த ரூம் கதவை எப்படிச் சாத்துவ?"

அந்தக் கதவு ஒரு பொல்லாத கதவு. வேகமாகத் தள்ளினால் 'படார்' என்று அடித்து அம்மாவை எழுப்பிவிடும். மெதுவாகத் தள்ளினால் கிரீச்சிட்டுக்கொண்டு தானாகவே திறந்துவிடும். வீட்டில் அதை ஒழுங்காகச் சாத்தத் தெரிந்தது அண்ணனுக்கு மட்டும்தான். பட்டாணி சாத்தினால் அம்மா எழுந்துவிடுவார்.

அண்ணன் காற்றில் கையைத் தள்ளிப் பார்த்தான். "இப்படித்தான்..."

"அதேதான்! அந்த வேகம் உன் கையிலயே இருக்கு. எனக்குத்தான் வராது. சொல்லிக் குடு."

அண்ணன் சிரித்துவிட்டான். மட்டையை எடுத்துக்கொண்டான்.

நாலாவது குழி இரண்டே தட்டில் முடிந்தது. ஐந்தாவதும் அப்படியே. இரட்டையர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள். இப்போது இரண்டு ஜோடிக்கும் பதின்மூன்று!

கடைசிக் குழியை இரட்டையர்கள் மூன்று தட்டில் முடித்தார்கள். பட்டாணி கதவை நினைத்துக்கொண்டு தட்டினாள். பந்து குழிக்கு மூன்றடி தள்ளி நின்றது. அடுத்ததை அண்ணன் உள்ளே போட்டால் வெற்றி.

அவன் மட்டையை அவளிடம் நீட்டினான். "நீயே தட்டிடேன்."

"அது விதி இல்ல." பட்டாணி அவன் காதருகே போய்க் கிசுகிசுத்தாள். "ஷ்ஷ்... அம்மா தூங்குறாங்க."

அம்மா வேலியோரம் நின்று, கண்ணை இமைக்காமல் இவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்!

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. பயம் போனது. தட்டினான். பந்து அவசரப்படாமல் உருண்டது. நடுவில் போகாமல் குழியின் ஓரமாகப் போனது. முன்பு என்றால் சுற்றிவிட்டு ஓடியிருக்கும். இப்போது சமர்த்தாகச் சாய்ந்து உள்ளே விழுந்தது.

'டொப்.'

'டங்'கைவிட இந்தச் சத்தம் நன்றாக இருக்கிறது என்று பட்டாணி முடிவு செய்தாள்.

அன்று மதியம் அம்மா படுத்துக்கொண்டார். அனுமதி அட்டையை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் பட்டாணியே அந்த அறைக் கதவைத் தள்ளினாள்.

அது அடிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.