தேன்முடிப் பாறையின் கயிறு

“கயித்தை நானே பிடிக்கிறேன் மாசா. தைரியமா இறங்கு!”

சின்னராசா செந்தட்டியான் இப்படிச் சொன்னதும் காவல்காரர்கள் அசந்துபோனார்கள். ஒரு பாளையத்துக்கே தலைவர், தேனெடுப்பவனுக்குக் கயிறு பிடிப்பதா! மாசன் மட்டும் அசையவில்லை. அவன் காலடியில் தேன்முடிப் பாறை செங்குத்தாக இறங்கியது. அதன் பாதியில் ஒரு குகை. அடியில் காட்டாறு இரைந்துகொண்டிருந்தது.

“சாமி பிடிச்சாப் பெருமைதான். ஆனா என் பொஞ்சாதி உங்க கூடப்பொறந்தவ இல்லீங்களே.”

செந்தட்டியான் வாய்விட்டுச் சிரித்தார். தேனெடுப்பவர்களின் வழக்கம் அது. கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காள் தாலியறுக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? மாசனின் மச்சான் வெள்ளன் கயிற்றை மரத்தில் சுற்றி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“அந்தக் குகையில அஞ்சு குடம் பொன்!” என்றார் செந்தட்டியான். “எங்கப்பா சாகும்போது சொன்னாரு. அது வந்துட்டா, மழை விட்டதும் வடக்குப் பாளையத்து மேல படை. வெள்ளா, உனக்கும் ஒரு வேல் உண்டு!”

வெள்ளன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மீசை கூடச் சரியாக முளைக்காதவனுக்கு வேல் என்றால் சும்மாவா! மாசன் அவனைப் பார்க்காமல் தன் இடுப்பு முடிச்சை இறுக்கினான். அவன் தகப்பன் கரியன் போன போரில் விழுந்தவர். உடல் கிடைக்கவில்லை. செந்தட்டியானின் தகப்பன் பெரியராசாவே ஊர் எல்லையில் அவருக்கு வீரக்கல் நட்டு, பறை முழங்கக் கும்பிட்டார். இன்றைக்கும் பருவத்தின் முதல் தேனை அந்தக் கல்லுக்கு ஊற்றிவிட்டுத்தான் ஊரார் நாக்கில் வைப்பார்கள்.

மாசன் இறங்கினான். காற்று அவனைப் பாறையில் மோதியது. முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது. எம்பி ஆடி, குகைக்குள் குதித்தான்!

குடங்கள் இருந்தன. துணி கட்டிய வாயைப் பிரித்தால் உள்ளே பொன்! “கிடைச்சிருச்சு!” என்று கத்த வாயெடுத்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

குடங்களுக்குப் பின்னால் ஒரு மனிதனின் எலும்புகள். கழுத்தெலும்பில் செம்புக்கம்பி சுற்றிய பன்றிப்பல். அதன் ஜோடி மாசனின் கழுத்தில்தான் தொங்கியது!

“அப்பா…”

பக்கத்தில் பழைய கயிறு கிடந்தது. முனை நைந்திருக்கவில்லை, ஒரே வெட்டு. அப்பா போரில் விழவில்லை. பொன்னை இறக்கியவன் வாய் திறக்கக் கூடாதென்று பெரியராசா கயிற்றை வெட்டியிருக்கிறார். அன்றைக்கும் ராசாவே கயிறு பிடிக்கிறேன் என்றிருப்பார். அப்பா பூரித்துப்போய் வழக்கத்தை மறந்திருப்பார்.

சுற்றிலும் மென்று துப்பிய தேனடைகள். அப்படியானால் அவர் உடனே சாகவில்லை! மேலே அவருக்குக் கல் நட்டுப் பறையடித்தபோது, கீழே அவர் உயிரோடு இருந்திருக்கிறார். தேனைத் தின்றுகொண்டு, எட்டாத ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, நாக்கு வறண்டு… மாசன் தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

பொன்னை ஏற்ற மேலிருந்து இறக்கிவிட்டிருந்த கூடையில் எலும்புகளை அடுக்கினான். வெட்டுப்பட்ட கயிற்றையும் வைத்து மேலே அனுப்பினான். பார்த்தால் சின்னராசாவின் மனம் இளகும். நேற்று வழியில் தன் கட்டுச்சோற்றையே பங்கிட்டுக் கொடுத்தவர்தானே!

“ஐயோ மச்சான்! இது உங்கப்பனோட பல்லு!” என்று வெள்ளன் அலறினான்.

மேலிருந்து செந்தட்டியானின் குரல் வந்தது. “கயித்தைப் பார்த்தேன் மாசா. பாவம்தான். செத்தவரை அப்புறம் பார்ப்போம். பொன்னை அனுப்பு!”

கெட்டவர் சொல்லியிருந்தால் கூட மாசனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வேலோடு நிற்கும் வெள்ளனை நினைத்தான். அவனுக்கென்று நடப்போகும் ஒரு வீரக்கல்லையும் நினைத்தான். குடங்களை ஒவ்வொன்றாக விளிம்புக்கு உருட்டித் தள்ளினான். ஆற்றின் இரைச்சல் அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டது.

“பொன் இல்லீங்க சாமி! இங்க எங்கப்பன் மட்டும்தான் இருந்தாரு!”

வெள்ளன் மூச்சைப் பிடித்து அவனை மேலே இழுத்தான். செந்தட்டியான் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பா எங்கிட்டயும் பொய்தான் சொன்னாரா?”

மாசன் எலும்புக் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த மழைக்குப் பிறகு படை கிளம்பவில்லை.

கரியன் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தார்! ஊரே எல்லைக்குத் திரண்டு எதிர்கொண்டது. வீரக்கல்லின் அடியைத் தோண்டி எலும்புகளைப் புதைத்தார்கள். எந்த ராசா கூப்பிட்டாலும் கயிறு யார் கையில் என்று பார்த்துப் போங்கள் என்றான் மாசன். அவனுக்குத் தெரிந்த புத்தி அவ்வளவுதான்.

வழக்கப்படி யாரோ தேன் குடுவையை நீட்டினார்கள். மாசன் அதைத் தள்ளிவிட்டு ஓடையை நோக்கி ஓடினான். இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிவந்து கல்லின் மேல் ஊற்றினான்.

“குடிப்பா,” என்றான். “வயிறாரக் குடி.”